சீன ராசியில் கல்யாண நாள்: பாதியை மட்டும் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் சீன ராசிப்படி கல்யாண நாள் பார்ப்பது எப்படி என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். பன்னிரண்டு மிருகப் படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே சில ஆங்கில வருடங்கள், அதற்கும் கீழே இன்ன மாதம் செய்யலாம், இன்ன மாதம் ஆகாது என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்பதிவு நோட்டும் கணக்கும் பார்க்கிறவன். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். சுருக்கித்தான் போட வேண்டும் என்றால் தாரா பலம், அதாவது ஜென்ம நட்சத்திரத்திலிருந்து எண்ணி நாள் பார்ப்பது, அதைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சீன ஜோசியம் பொய், நம்ம ஜோசியம் நிஜம் என்று சண்டைக்கு வரவில்லை. சிங்கப்பூர், பினாங்கு, ஜொகூர் என்று போய் வேலை பார்க்கிற பிள்ளைகள் வள்ளியூர் பக்கமும் தென்காசி பக்கமும் நிறைய இருக்கிறார்கள், அவர்களுடைய முதலாளியும் கூட்டாளியும் சீனர்கள், கடை திறப்பதற்கும் வீடு மாறுவதற்கும் அங்கே நாள் பார்ப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், ஆகவே தன் கல்யாணத்துக்கும் அங்கே ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நினைப்பதில் தப்பே இல்லை. என் சித்தப்பா மகன் பினாங்கில் ஒரு சீன முதலாளியின் ஹார்டுவேர் கடையில் ரொம்ப காலம் இருந்தவன், அவன் மூலமாகத்தான் இந்த விஷயம் எனக்குப் பழக்கம். அவன் சொல்வான், அண்ணே, அங்கே யாரும் வெறும் எலி, புலி என்று பார்த்து நாள் குறிப்பதில்லை, அது டீக்கடைப் பேச்சு என்று.

சரி, அவர்கள் எப்படித்தான் பார்க்கிறார்கள்? சீனப் பஞ்சாங்கத்துக்கு தோங் ஷு என்று பெயர். அதில் ஒவ்வொரு வருடத்துக்கும் மட்டுமில்லை, ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு நாளுக்கும், இரண்டு மணி நேரம் கொண்ட ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு மிருகம் உண்டு. பன்னிரண்டு மிருகமும் பத்து 'தண்டு'களும் (மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஐந்துக்கும் இரண்டிரண்டாக வருகிற எழுத்துகள்) ஜோடி சேர்ந்து சுற்றும்போது 60 நாளுக்கு ஒரு சுற்று முடியும். (வருடமும் இப்படியே 60, நம்ம பிரபவ முதல் அட்சய வரை மாதிரி. அவர்களின் இப்போதைய சுற்று 1984ல் தொடங்கியது, நம்முடையது 1987ல்.) ஒருவர் பிறந்த வருடம், மாதம், நாள், பொழுது நாலுக்கும் மேலே தண்டு, கீழே மிருகம் என்று இரண்டிரண்டு எழுத்து, மொத்தம் எட்டு எழுத்து, அதுதான் அவருடைய ஜாதகம். அதில் ஆளைக் குறிப்பது வருடத்து மிருகமே கிடையாது, பிறந்த நாளின் மேல் எழுத்து. அந்த எழுத்து மரமா, நெருப்பா, மண்ணா, உலோகமா, நீரா, அதற்கு எது குறைவு, எது அதிகம் என்று பார்த்து, குறைவதைக் கொடுக்கிற நாளையும் பொழுதையும் எடுப்பார்கள். நாள் குறிப்பவர் மாப்பிள்ளை, பெண் இருவரின் எட்டு எழுத்தையும் வாங்காமல் வாயைத் திறக்க மாட்டார்.

இது போக பன்னிரண்டு நாள் சுற்றில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குணம் வைத்திருக்கிறார்கள், நிறுவும் நாள், நீக்கும் நாள், நிறையும் நாள் என்று போகும். அதில் ஒன்று உடைப்பு நாள். கல்யாணத்துக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது, ஆனால் பழைய வீட்டை இடிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்பார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு நாளை மொத்தமாகக் கெட்ட நாள் என்று ஒதுக்காமல் எந்த வேலைக்கு என்று கேட்கிறார்கள் பாருங்கள்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1998 என்றால் புலி என்று போட்டிருக்கிறீர்கள். 1998 ஜனவரி 20ல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் சீனப் புத்தாண்டு ஜனவரி 28ல்தான் பிறந்தது, ஆகவே இந்தப் பெண் புலி இல்லை, முந்தின வருடத்து எருது. எருதுக்கு நேர் எதிர் ஆடு, புலிக்கு நேர் எதிர் குரங்கு. உங்கள் பக்கத்தை நம்பி அந்த வீட்டார் குரங்கு நாளை விலக்கிவிட்டு ஆட்டு நாளில் தாலி கட்ட ஏற்பாடு செய்தால், எந்த நாளை முக்கியமாக விலக்க வேண்டுமோ அதையே தேடிப் போய்ப் பிடித்த மாதிரி ஆகும். ஜனவரி 30ல் பிறந்தவள் என்றால் இன்னும் சிக்கல், புத்தாண்டுக் கணக்கில் அவள் புலி, ஆனால் எட்டு எழுத்து ஜாதகம் எழுதுகிறவர்கள் வருடத்தைப் பிப்ரவரி 4ஐ ஒட்டி வருகிற வசந்தத் தொடக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் அவள் எருதுதான். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்த அத்தனை பேருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. ஒரு வரி போட்டிருக்கலாம் இல்லையா?

பிறந்த நேரமும் அப்படித்தான். செல்போன் செயலியில் நேரத்தைத் தட்டினால் அது கடிகார நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நம்ம கடிகாரம் ஓடுவது 82½ பாகை தீர்க்கரேகைக்கு, பாளையங்கோட்டை இருப்பதோ ஏறக்குறைய 77.7ல். பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியக் கணக்கில் நாம் 19 நிமிடம் பின்னால் இருக்கிறோம். ராத்திரி 1.10க்குப் பிறந்த பிள்ளைக்கு உண்மையான பொழுது 12.51. சீனக் கணக்கில் 11லிருந்து 1 வரை எலிப் பொழுது, 1லிருந்து 3 வரை எருதுப் பொழுது, ஆக எட்டு எழுத்தில் இரண்டு எழுத்து மாறிப்போகும். சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம், அந்த ஊர்க் கடிகாரம் சூரியனை விட ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. நம்ம ஜோசியர் பிறந்த ஊர் எது என்று முதல் கேள்வி கேட்பது சும்மா ஊர் விசாரிப்பதற்கு இல்லை.

இப்போது நம்ம பக்கம். இதைத்தான் வெட்ட வேண்டாம் என்றேன். சிவகாசியிலிருந்து வருகிற தினசரி காலண்டர் இல்லாத வீடு நம்ம பக்கத்தில் கிடையாது. அதில் 'சுபமுகூர்த்தம்' என்று போட்டிருந்தால் முடிந்தது, மண்டபத்துக்குப் போன் வந்துவிடும். ஆவணியிலும் தையிலும் வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு மூன்று வீட்டார் அடித்துக்கொண்டு நிற்பார்கள், சமைக்கிற தவசுப்பிள்ளை கிடைக்க மாட்டார், மேளக்காரர் கிடைக்க மாட்டார், வாழையிலை விலை ஏறும், வாசலில் கட்டுகிற குலை வாழைக்குக் கேட்கிற விலையை வெளியில் சொல்ல முடியாது. பத்திரப் பதிவிலும் இதே கதைதான், ஒரு சார்பதிவாளர் இருக்கிற அலுவலகத்தில் வழக்கமாக 100 டோக்கன் என்றால் முகூர்த்த நாளுக்கு 150 என்று அரசாங்கமே கூட்டிக் கொடுக்கிறது. அதற்கு அடுத்த வாரமே எங்கள் மண்டபம் பூட்டிக் கிடக்கும், வாட்ச்மேன் பெஞ்சில் படுத்துத் தூங்குவார்.

என் கேள்வி இதுதான். ஜாதகம் பார்த்துத்தான் நாள் குறிக்கிறோம் என்றால் இத்தனை பேருக்கும் எப்படி ஒரே நாள் வரும்?

காலண்டரில் போட்டிருப்பது சுவரில் எழுதிய பஸ் டைம் மாதிரி, பஸ் உண்டு என்று சொல்லும், அது உங்கள் ஊருக்குப் போகுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தாரா பலம். உங்கள் ஜென்ம நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணுங்கள், ஒன்பதுக்கு மேல் போனால் ஒன்பது ஒன்பதாகக் கழியுங்கள். மீதி 2, 4, 6, 8, 9 வந்தால் நல்லது. 3 விபத்து, 5 பிரத்யக்கு, 7 வதை, இந்த மூன்றும் ஆகாது. 1 ஜென்மம், கல்யாணத்துக்கு அதையும் பெரும்பாலும் விலக்குவார்கள். பெண் ரோகிணி, மாப்பிள்ளை அனுஷம் என்று வைத்துக்கொள்வோம். சுவாதி நல்ல முகூர்த்த நட்சத்திரம், காலண்டரில் சுபமுகூர்த்தம் என்று போட்டிருப்பான். அனுஷத்திலிருந்து எண்ணினால் 26, மீதி 8, மாப்பிள்ளைக்குப் பிரமாதம். ரோகிணியிலிருந்து எண்ணினால் 12, மீதி 3, பெண்ணுக்கு விபத்து தாரை. உத்திரத்துக்குப் போனால் அப்படியே தலைகீழ், பெண்ணுக்கு 9, பரம மித்திரம், மாப்பிள்ளைக்கு 23, மீதி 5. இரண்டுமே காலண்டரில் நல்ல நாள்தான், இந்த ஜோடிக்கு இரண்டுமே இல்லை. ரேவதி எடுத்தால் பெண்ணுக்கு 24, மீதி 6, மாப்பிள்ளைக்கு 11, மீதி 2, இரண்டு பேருக்கும் நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண் திருவோணம் என்றால் அவளுக்கு இதே ரேவதி 6, அதுவும் சரி, ஆனால் அவளுக்குப் பார்த்திருக்கிற பையன் ரோகிணியோ அனுஷமோ இல்லையே, அவனுக்குத் தனியாக எண்ண வேண்டும். இதையெல்லாம் வீட்டில் விரல் விட்டே எண்ணிவிடலாம். எங்கள் ஆச்சி அடுப்படியில் நின்றுகொண்டே எண்ணுவாள்.

அதற்கு மேல் சந்திராஷ்டமம். ரோகிணி ரிஷப ராசி, அதற்கு எட்டாவது தனுசு, சந்திரன் தனுசில் நிற்கும் இரண்டேகால் நாளும் அந்தப் பெண்ணுக்கு ஆகாது, மூல நட்சத்திர முகூர்த்தம் அவளுக்கு அடிபட்டுப் போகும். தினசரி காலண்டரில் அன்றைக்கு யாருக்குச் சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் போட்டேதான் இருக்கிறான், யார் பார்க்கிறோம்? மலேசியாவில் சீனர்களின் தினசரித் தாளிலும் இதே மாதிரி 'இன்று இந்த மிருகத்துக்கு மோதல்' என்று தவறாமல் ஒரு வரி இருக்கும், அந்தப் பினாங்குத் தம்பி ஒரு கட்டு கொண்டு வந்து காட்டினான். இரண்டு தேசத்துக்காரனும் ஊருக்குப் பொதுவாக ஒரு நாளைச் சொல்லிவிட்டு, அதே தாளிலேயே இது எல்லாருக்கும் இல்லையப்பா என்றும் சொல்லி வைத்திருக்கிறான். நாம் முதல் வரியை வாசித்துவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டக் கிளம்பிவிடுகிறோம்.

இதை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தாலே நாட்கள் பரவிவிடும். மாசியிலும் பங்குனியிலும், ஏன் தேய்பிறையிலும்கூட, அந்தந்த ஜோடிக்கு நன்றாக வருகிற நாட்கள் இருக்கின்றன. மண்டபத்துக்காரன் நான் இதைச் சொல்வதில் எனக்கும் லாபம் உண்டு, மறைக்கவில்லை, காலியாகக் கிடக்கிற நாளில் மண்டபம் போனால் முதலாளிக்குச் சந்தோஷம்தான். உங்களுக்கும் வாடகையில் பேரம் பேச இடம் கிடைக்கும்.

அடுத்தது கலப்படம். இந்த வருடம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். பெண் வீட்டார் நம்ம ஜோசியரிடம் பார்த்து ஆவணியில் நாள் கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார், அங்கே ஒரு சீனப் பெரியவரிடம் காட்ட, அது ஏழாவது சந்திர மாதம், ஆவிகளுக்கான மாதம், கல்யாணம் கூடாது என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அவர்கள் முறையில் சரிதான். 2026ல் அந்த மாதம் ஆகஸ்ட் 13லிருந்து செப்டம்பர் 10 வரை, நம்ம ஆவணியின் பெரும்பகுதியை முழுங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் ஆடி, நாம் செய்ய மாட்டோம். அதற்குப் பின்னால் புரட்டாசி, நம்ம பக்கத்தில் பல வீடுகளில் செய்ய மாட்டார்கள். இரண்டு முறையும் ஒத்து வர வேண்டும் என்றால் ஆனி விட்டால் ஐப்பசிதான். ஐப்பசியில் மழை, மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. பெண்ணின் மாமா சத்தம் போட, மாப்பிள்ளையின் அத்தை அழ, கடைசியில் நிச்சயதாம்பூலம் முடிந்த பிறகும் நாள் இல்லாமல் நிற்கிறார்கள்.

இரண்டும் ஒரே கணக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் இந்தச் சண்டையே வராது. நம்ம மாதப்பிறப்பு ஆங்கில மாதத்தின் நடுவில் வரும், அவர்களின் சூரிய மாதம் 4லிருந்து 8 தேதிக்குள் பிறந்துவிடும், கிட்டத்தட்ட பத்து நாள் வித்தியாசம், ஏனென்றால் நாம் நட்சத்திர மண்டலத்தை வைத்து எண்ணுகிறோம், அவர்கள் பகலும் இரவும் சமமாகிற நாளை வைத்து எண்ணுகிறார்கள். நட்சத்திரத்தில் இன்னும் வேடிக்கை. அவர்களுக்கும் 28 நட்சத்திர மனைகள் உண்டு, அதில் மாவ் என்பது நம்ம கார்த்திகையேதான், வானத்தில் அதே கூட்டம். ஆனால் அவர்கள் பஞ்சாங்கத்தில் அந்தப் பெயர் 28 நாளுக்கு ஒருமுறை முறை வைத்து வரும், அன்றைக்குச் சந்திரன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. நமக்குச் சந்திரன் நிற்கிற இடம்தான் நட்சத்திரம். ஆகவே ஒரு நாள் இரண்டு பஞ்சாங்கத்திலும் நல்ல நாளாக அமைந்தால் அதற்குக் கூடுதல் பலம் என்று ஒன்றும் இல்லை. நமக்குள்ளேயே பழைய சூத்திரக் கணக்கில் வருகிற வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கில் வருகிற திருக்கணிதத்துக்கும் ஒத்துப் போகவில்லையே! 2025 மார்ச் 29ல் சனிப் பெயர்ச்சி என்றது திருக்கணிதம், திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி 2026ல்தான் என்றார்கள். யாராவது ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறோமே தவிர இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பதில்லை.

சீனமுறை அன்னியச் சரக்கு, வீட்டுக்குள் விடாதே என்று கத்துகிறவர்களுக்கும் ஒன்று. டாங் வம்சத்து அரண்மனையில் வானியல் பார்த்தவர்களில் இந்திய வம்சாவளியில் வந்த கௌதம சித்தர் என்ற ஒருவர் இருந்தார், 718ல் நவக்கிரகக் கணிதத்தை அவர்தான் சீன மொழியில் எழுதிக் கொடுத்தார். நம்ம ராகுவும் கேதுவும் அங்கே லுவோஹோ, ஜிது என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நாள் பார்ப்பதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களும் இல்லை. பீஜிங்கில் 1658ல் இறந்துபோன ஒரு குழந்தை இளவரசனை அடக்கம் செய்யக் கெட்ட நாளைக் குறித்துக் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்து, ஆறேழு வருடம் கழித்து அரசாங்கப் பஞ்சாங்க அலுவலகத்தில் ஐந்து பேரின் தலையை வாங்கினார்கள். நம்ம ஜோசியர்கள் பாக்கியசாலிகள்.

பிள்ளைப்பேற்றுக்கு நாள் பார்ப்பதைப் பற்றியும் உங்கள் பக்கத்தில் லேசாகத் தொட்டிருந்தீர்கள், அதைத் தொட்டிருக்கவே வேண்டாம். கல்யாணத்தைத் தள்ளி வைத்தால் மண்டப அட்வான்ஸ்தான் போகும். 39 வாரம் நிறையும் முன்னால் காரணமில்லாமல் ஆபரேஷன் செய்து எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் தொந்தரவு வரும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், எந்த லக்னமும் அதற்கு ஈடாகாது. ஜப்பானில் 1966 நெருப்புக் குதிரை வருடம், அதில் பிறக்கிற பெண் புருஷனுக்கு ஆகாது என்ற பேச்சினால் அந்த ஒரு வருடம் மட்டும் பிறப்பு கால் பங்கு குறைந்துபோனது. அந்த வருடம் பிறந்த பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? 2026ம் அதே நெருப்புக் குதிரைதான். நாளைக்கு அந்தப் பேச்சை இங்கேயும் யாராவது இறக்குமதி செய்து, இந்த வருடம் பிறக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளின் ஜாதகத்தில் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, சீன ராசிப் பக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை, போடுங்கள், ஆனால் வருடம் எந்தத் தேதியில் பிறக்கிறது என்று சேர்த்துப் போடுங்கள், வருடத்து மிருகத்தை மட்டும் வைத்துக் கல்யாண நாள் சொல்லாதீர்கள். தினமும் போடுகிற நல்ல நேரப் பெட்டியில் அது வாக்கியமா, திருக்கணிதமா என்று ஒரு வார்த்தை இருக்கட்டும். ராகு காலத்தைக் காலை ஆறு மணி உதயம் என்று வைத்துப் போடுகிறீர்கள், ஜனவரியில் நம்ம ஊரில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் தலை காட்டுகிறான், நெல்லைப் பதிப்பிலாவது நெல்லை உதயத்தைப் போடலாம். முகூர்த்த நாள் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்திலேயே அன்றைய நட்சத்திரமும், எந்த ராசிக்குச் சந்திராஷ்டமம் என்பதும், பொடி எழுத்தில் இல்லாமல் தேதி போடுகிற அதே எழுத்தில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகைப் பட்டியலிலேயே தொடங்கிவிட்டால் நல்லது, அதற்கான போன்கள் எங்களுக்கு இப்போதே வந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
மண்டபக் கணக்கர் ஒருவர்,
பாளையங்கோட்டை